எப்போதைய பச்சை

தென்காசி
14.7.2025, திங்கள்

அண்ணனுக்கு,

"நீங்கள்" என்று தொடங்கி அடித்துவிட்டேன். உன்னை நான் எந்தக் காலத்தில் நீங்கள் என்று கூப்பிட்டேன்?

மூன்று வருடமாக என் நம்பரை நீ தடுத்து வைத்திருக்கிறாய். போன வாரம் பக்கத்து வீட்டுப் போனிலிருந்து கூப்பிட்டேன், என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய். நேரில் வந்தால் கதவைச் சாத்துவாய். அதனால்தான் காகிதம். உங்கள் செம்பாறை அருவி வாசலில் துண்டும் சோப்பும் விற்கிற ஹைருன் பீவி அக்கா சரக்கு எடுக்கத் தென்காசிக்கு வருகிறார் அல்லவா, அவரிடம் கொடுத்துவிடுகிறேன். கிழித்துப் போடுவதென்றால் படித்துவிட்டுக் கிழி. சமாதானம் பேச எழுதவில்லை. பயந்துபோய் எழுதுகிறேன்.

இந்த சீசனுக்கு நீ காவல் இருக்கும் கேட் அறையில் ஒரு திரை வைத்திருக்கிறார்களே, பச்சை என்றால் குளிக்க விடு, சிவப்பு என்றால் அடை, சாம்பல் என்றால் தொடர்பு இல்லை, அதுவரை அடை என்று. அந்த ப்ரோகிராமை எழுதியது நான்தான். எங்கள் கம்பெனிதான் அதை அருவிக் குத்தகைக்காரருக்கு விற்றது. அதில் ஒரு தப்பு இருக்கிறது.

மேலே ஓடையில் நட்டிருக்கும் பெட்டி தண்ணீரின் உயரத்தை அளந்து, சிம் வழியாக எங்கள் சர்வருக்கு அனுப்பும். வந்த அளவை டேட்டாபேஸில் எழுதும்போது பக்கத்தில் நேரத்தையும் எழுத வேண்டும். பெட்டிக்குள் கடிகாரம் கிடையாது. விலை குறைந்த பெட்டி. அதனால் நேரத்துக்கான இடத்தில் "இப்போது" என்று போட்டுவிட்டேன். சர்வருக்கு எது இப்போதோ, அது. ஆபீஸில் ஒரு வாளித் தண்ணீரில் வைத்துச் சோதித்தோம், எல்லாம் சரியாக இருந்தது. அளந்த நேரமும் வந்து சேர்ந்த நேரமும் அங்கே ஒன்றுதானே.

மலையில் அப்படி இல்லை. மழை வலுத்தால் சிக்னல் போய்விடும். பெட்டி அளந்துகொண்டே இருக்கும், அனுப்ப முடியாததைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். சிக்னல் திரும்பியதும் பழசிலிருந்து ஒவ்வொன்றாக அனுப்பும். மழைக்கு முன்னால் அளந்த சாதுவான தண்ணீர் அப்போதுதான் வந்து சேரும். என் ப்ரோகிராம் அதற்கு "இப்போது" என்று நேரம் போடும். திரை பச்சையாகிவிடும். மேலே வெள்ளம் புறப்பட்டிருக்கும், நீ கேட்டைத் திறந்துவிடுவாய்.

எங்கள் முதலாளி பால்வண்ணநாதன் சாரிடம் சொன்னேன். "சீசன் முடியட்டும்மா, பாத்துக்கிடலாம். இப்ப வாயத் தொறந்தா குத்தகைக்காரரு பெட்டியத் தூக்கி எறிஞ்சிருவாரு" என்றார். இன்னும் பத்து நாளில் ஆடி அமாவாசை. திதி கொடுக்க எத்தனை குடும்பம் வந்து அருவியில் நிற்கும் என்று உனக்குத் தெரியும்.

சாம்பலுக்குப் பிறகு வருகிற பச்சையை மட்டும் நம்பாதே அண்ணா.

ஜெனி


செம்பாறை அருவி, கேட் அறை
16.7.2025

ஏட்டி ஜெனி,

ஹைருன் பீவி அக்கா கடிதத்தை நீட்டியபோது யாரோ கல்யாணப் பத்திரிகை கொடுத்தனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். உன் கல்யாணத்துக்குத்தான் பத்திரிகையே இல்லையே. இலஞ்சிக்காரன் ஒருத்தன் பைக்கில் ஏறிப் போனாய். அப்பா இன்றுவரை சர்ச்சில் கடைசிப் பெஞ்சில்தான் உட்காருகிறார். இப்போது என் மேல் அக்கறை வந்துவிட்டதாக்கும். ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதை.

நீ சொன்ன தப்பு எனக்குப் புரிந்தது, நான் ஒன்றும் மடையன் இல்லை. ஆனால் என் கதையையும் கேள். போன சீசனில் திரை கிடையாது. தண்ணீர் கலங்கி, இலை தழை மிதந்து வந்ததைப் பார்த்து நானாக விசில் ஊதி எல்லோரையும் வெளியேற்றினேன். தண்ணீர் வரவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை வியாபாரம் போச்சு என்று கடைக்காரர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "ஏலே, ஒனக்கு மலையில இருந்து ஆண்டவர் போன் பண்ணி சொன்னாராலே?" என்று ஒருத்தன் கேட்டான், எல்லோரும் சிரித்தார்கள். குத்தகைக்காரர் அன்று முதல் சீசன் முடியும்வரை என்னைக் கார் நிறுத்தும் இடத்தில் நிற்க வைத்தார்.

இந்த வருடம் திரை வந்தது. பச்சை என்றால் திறந்தேன், சிவப்பு என்றால் அடைத்தேன். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்க முடியவில்லை. இப்போதுதான் நிம்மதியாக நாலு வாய் சோறு இறங்குகிறது. அதிலும் மண்ணை அள்ளிப் போடுகிறாய். திரை பச்சை காட்டும்போது நான் அடைத்தால் வேலை போய்விடும். அதை உன் முதலாளியா கொடுப்பார்?

இனி எழுதாதே.

ஜெஸ்வின்

சாம்பல் போய்ப் பச்சை வந்தால் எவ்வளவு நேரம் பொறுத்தால் போதும்? சும்மா கேட்டேன்.


தென்காசி
18.7.2025

அண்ணா,

சும்மா கேட்டதற்கு நன்றி.

எவ்வளவு நேரம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. என் பயமே அதுதான். சிக்னல் எத்தனை நேரம் போயிருந்தது, பெட்டி எவ்வளவு சேர்த்து வைத்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. சில நாள் கொஞ்ச நேரம், சில நாள் ஒரு மணி நேரத்துக்கும் மேலே. நேற்று டேட்டாபேஸைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் தேதியும் நேரமும் அழகாக நிற்கின்றன. எது உண்மையான நேரம், எது பிந்தி வந்த நேரம் என்று பிரிக்கவே முடியவில்லை. தப்பான நேரமும் சரியான நேரம் மாதிரியேதான் இருக்கிறது. வெறும் இடமாக விட்டிருந்தால்கூட யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள்.

நம் கடிதத்தையே எடுத்துக்கொள். நான் திங்கட்கிழமை எழுதினேன், உனக்குப் புதன்கிழமை கிடைத்தது. புதன்கிழமை எனக்குக் காய்ச்சல். திங்கட்கிழமை நான் "சுகம்" என்று எழுதியிருந்தால், இன்று ஜெனி சுகமாக இருக்கிறாள் என்று நீ நினைத்திருப்பாய். அதே ஏமாற்றுத்தான் உன் திரையிலும் நடக்கிறது.

பால்வண்ணநாதன் சார் கெட்டவர் இல்லை. இந்த அருவி நன்றாக ஓடினால் இன்னும் பல இடத்துக்கு விற்கலாம் என்று ஆசைப்படுகிறார். "மழ பெய்யும்போது ஒரு நா பாத்துட்டு சொல்லுங்க சார்" என்றேன். "நீ ரொம்ப யோசிக்குத" என்று சொல்லிவிட்டு டீ வரச் சொன்னார்.

உன் வேலை போய்விடும் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு இவர்தான் சொன்னார், "மச்சானக் கொற சொல்லாத. அவரு எடத்துல நானா இருந்தாலும் தெரயத்தான் பாப்பேன்." இவர் என்றால் யார் என்று உனக்குத் தெரியும். பரமேஸ்வரன் என்று ஒரு பெயரும் இருக்கிறது.

ஜெனி


செம்பாறை அருவி
20.7.2025, ஞாயிறு

ஜெனி,

நேற்று சாயங்காலம் நடந்ததைச் சொல்கிறேன்.

மலைமேல் கறுத்துக்கொண்டு வந்தது. திரை சாம்பலாயிற்று. ஆட்களை வெளியேற்றிக் கேட்டை அடைத்தேன். கொஞ்ச நேரத்தில் பச்சை வந்தது. "தொறங்க அண்ணாச்சி, பச்சை வந்துட்டுல்லா!" என்று வரிசையில் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள். உன் கடிதம் சட்டைப் பையில் இருந்தது. பூட்டில் சாவி சுற்ற மாட்டேனென்கிறது என்று பொய் சொல்லி, சாவியை வைத்து நோண்டிக்கொண்டே நின்றேன். திரும்பிப் பார்த்தால் தண்ணீர் கைப்பிடிக் கம்பியைத் தாண்டிப் பாய்கிறது. காப்பி நிறத்தில் கல்லை உருட்டிக்கொண்டு வருகிறது. இந்தப் பக்கம் திரை பச்சை. இரண்டையும் ஒரே நேரத்தில் பார்த்தேன். சாவி நிஜமாகவே கீழே விழுந்துவிட்டது.

பிறகு திரை சிவப்பானது. அப்போது தண்ணீர் வடியத் தொடங்கியிருந்தது.

குத்தகைக்காரரிடம் சொன்னேன். "சாவி சுத்தலன்னா எண்ணெ போடும். மிஷின் மேல பழி போடாதயும்" என்றார். அமாவாசைக்கு வேன் வைத்து ஆள் கொண்டுவர ஏற்பாடு செய்திருக்கிறாராம். அவருடைய ஆள் ஒருத்தன் அன்று முழுக்க என் பக்கத்திலேயே நிற்பானாம். சாவிக் கதை இன்னொரு தடவை செல்லாது.

தலைக்கு மேலே வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்பார்கள். இங்கே ஒரு முழத்தில்தான் எல்லாம் இருக்கிறது. எனக்கு ராத்திரி தூக்கம் இல்லை. நீ எழுதிய ப்ரோகிராம்தானே, நீயே ஏதாவது செய்.

ஜெஸ்வின்


தென்காசி
21.7.2025, திங்கள்

அண்ணா,

செய்துவிட்டேன். சாரிடம் கேட்கவில்லை. எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் இங்கிருந்தே மாற்றிவிட்டேன். இனி சிக்னல் திரும்பினால், பெட்டி சேர்த்து வைத்திருக்கும் பழைய அளவுகளை அதுவே அழித்துவிடும், அவை திரைக்கு வராது. அந்த நொடியில் அளந்தது மட்டும்தான் வரும். பச்சை என்றால் அது உண்மையிலேயே இப்போதைய பச்சை.

இனிமேல் திரையை நம்பலாம். சாம்பலுக்குப் பிறகு பச்சை வந்தாலும் பயப்படாமல் கேட்டைத் திற. இன்றைக்காவது தூங்கு. அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம், ஆனால் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று மட்டும் எழுது.

ஜெனி


22.7.2025, செவ்வாய்

அண்ணா,

அக்கா பஸ்ஸுக்கு நிற்கிறார், அவசரம். பச்சையை நம்பாதே. பழைய ப்ரோகிராம்தான் ஓடுகிறது. சார் என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அமாவாசைக்கு மேலே மேகம் தெரிந்தாலே அடைத்துவிடு, வேலை போனால் போகட்டும். விவரமாகப் பிறகு எழுதுகிறேன்.

ஜெனி


தென்காசி
24.7.2025, வியாழன் காலை

அண்ணா,

இதைக் கொண்டுவருவது இவர்தான். முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே.

நான் மாற்றியதை சார் செவ்வாய்க்கிழமை கண்டுபிடித்து, எடுத்துவிட்டுப் பழையதையே போட்டுவிட்டார். என் பாஸ்வேர்டையும் பிடுங்கிக்கொண்டார். என்னால் இப்போது எதையும் மாற்ற முடியாது. உன் திரையில் தெரிவதை மட்டும் போனில் பார்க்க முடிகிறது. கொஞ்சம் முன்னால் சாம்பலாயிற்று. எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் மலையே தெரியவில்லை, அவ்வளவு கறுப்பு. இப்போது பச்சை வந்துவிட்டது. பக்கத்தில் நேரம் போட்டிருக்கிறது, இந்த நிமிடத்து நேரம். நான் எழுதிய பொய்யை நானே படித்துக்கொண்டிருக்கிறேன்.

இது எப்போதைய பச்சை என்று எனக்குத் தெரியவில்லை. தண்ணீர் இனிமேல் வரப்போகிறதா, ஏற்கனவே வந்துவிட்டதா, நான் இதை எழுதும்போது நீ இருக்கிறாயா, எதுவும் தெரியவில்லை. ஹைருன் அக்கா போனும் அடிக்கவில்லை, பெட்டியின் சிம்முக்குத் திரும்பிய சிக்னல் அக்கா போனுக்கு இன்னும் திரும்பவில்லை. பைக்கை எடுங்கள் என்று இவரை அனுப்புகிறேன்.

அடை அண்ணா. அடைத்துவிடு.

ஜெனி


தென்காசி, ஆஸ்பத்திரி வாசல்
25.7.2025

ஜெனி,

நீ உள்ளே இருக்கிறாய், நான் வெளியே வேப்ப மரத்தடியில் இருக்கிறேன். உள்ளே வர எனக்குத் தைரியம் இல்லை. ஹைருன் பீவி அக்காவிடம் கொடுத்துவிடுகிறேன். அக்காவைத் திட்டாதே. நேற்றிலிருந்து அழுதுகொண்டே இருக்கிறார்.

நீ செவ்வாய்க்கிழமை எழுதியது அன்றைக்கே எனக்குக் கிடைத்துவிட்டது. அடைப்பது என்று முடிவு செய்துவிட்டேன். அம்மாவிடம்கூட, வேலை போனால் பரவாயில்லை என்று சொல்லிவிட்டேன். நேற்றுக் காலையில் அக்கா கடையில் துண்டு மூட்டையைப் பிரித்தபோது உள்ளே இன்னொரு கடிதம் இருந்தது. "எய்யா, இது உள்ள சிக்கிக் கெடந்திருக்கு, பாரு" என்று கொடுத்தார். சரி செய்துவிட்டேன், நம்பலாம், பயப்படாமல் திற என்று அதில் இருந்தது. விவரமாகப் பிறகு எழுதுகிறேன் என்றாயே, அந்த விவரம் இதுதான் என்று நினைத்துக்கொண்டேன். கைக்குக் கடைசியாக வந்ததைக் கடைசியாக எழுதியது என்று எடுத்துக்கொண்டேன். மேலே தேதி போட்டிருந்தாய். நான் பார்க்கவில்லை.

சாம்பல் வந்தது, அடைத்தேன். பச்சை வந்தது, திறந்தேன். குத்தகைக்காரர் ஆள் என் தோளில் தட்டிக் கொடுத்தான். திதி கொடுக்க வந்தவர்கள், குழந்தைகள், கிழவிகள் எல்லோரும் உள்ளே போனார்கள்.

அப்போது அவர் வந்தார். பைக்கைக் கீழே போட்டுவிட்டு, தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட ஓடி வந்தார். "மச்சான், கேட்ட அடைங்க. எல்லாரையும் வெளிய கூப்பிடுங்க."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "யாருலே ஒனக்கு மச்சான்?" என்றேன்.

அதோடு நிற்கவில்லை. பையிலிருந்து உன் கடிதத்தை எடுத்து முகத்துக்கு நேரே நீட்டினேன். "ஒம் பொண்டாட்டியே எழுதியிருக்கா பாரு, நம்பலாம்னு." அவர் அதை வாங்கிப் பார்த்தார். "இது திங்கக்கெழம எழுதினது மச்சான்" என்றார். அவ்வளவுதான். கடிதத்தை என் கையில் வைத்துவிட்டு, என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார்.

நான் தேதியைப் பார்த்தேன். பையில் இருந்த மற்றதையும் எடுத்துப் பார்த்தேன். பிறகுதான் விசில். பிறகுதான் அபாயச் சங்கு. கேட்டை அடைத்ததும் அப்போதுதான். வேறு யார் வந்து சொல்லியிருந்தாலும் முதல் வார்த்தையிலேயே ஊதியிருப்பேன் ஜெனி. அவர் என்பதால்தான் நின்றேன்.

அவர் பெண்கள் பக்கம் போய்க் கத்தி விரட்டிக்கொண்டிருந்தார். ஒரு கிழவி கம்பியை விடமாட்டேன் என்று கட்டிக்கொண்டிருந்தாள். அவளைப் பிய்த்தெடுத்து மேலே தள்ளிவிட்டார். அதற்குள் தண்ணீர் வந்துவிட்டது. தண்ணீரோடு ஒரு மரக்கட்டையும் வந்து அவர் தலையில் மோதியது. கிழவி முதற்கொண்டு எல்லோரும் கரையேறிவிட்டார்கள். அவரை மட்டும் நான் பாறை இடுக்கிலிருந்து இழுத்தேன். அந்தத் தலையை மடியில் வைத்துக்கொண்டுதான் ஆம்புலன்ஸில் வந்தேன்.

நீ வியாழக்கிழமை எழுதிய கடிதம் அவர் சட்டைப் பையில் கூழாகிக் கிடந்தது. நர்ஸ் எடுத்து என்னிடம் கொடுத்தாள். காய வைத்துப் படித்தேன். என்னிடம் கொடுக்க நான் அவருக்கு நேரமே கொடுக்கவில்லை.

அப்பாவும் அம்மாவும் இங்கே என்னோடுதான் இருக்கிறார்கள். அப்பா நேற்றிலிருந்து முழங்காலில் நிற்கிறார். அவர் பிழைத்துவிடுவாரா என்று மட்டும் அக்காவிடம் சொல்லி அனுப்பு. வேறு எதுவும் கேட்க எனக்கு முகம் இல்லை.

ஜெஸ்வின்


ஆஸ்பத்திரி, உள்ளே
27.7.2025, ஞாயிறு

அண்ணா,

விசாரணைக்கு வந்த அதிகாரிகளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நேரத்தை எழுதும் இடத்தில் நான் என்ன போட்டேன், அதை எடுக்கவிடாமல் யார் தடுத்தார்கள் என்று ஒன்றுவிடாமல். அதற்கு முந்தின நாள் பால்வண்ணநாதன் சார் வந்திருந்தார். "அந்த நாள் நேரங்கள மட்டும் கொஞ்சம் மாத்திரும்மா, ஒரே நிமிச வேல" என்றார். பாஸ்வேர்டைத் திருப்பித் தருவதாகவும் சொன்னார். மாட்டேன் என்றேன். இவர் மூச்சு சரியாக வருகிறதா என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை.

இன்று விடிந்து கொஞ்ச நேரத்தில் இவர் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார், அடையாளம் தெரிந்தது. உதடு அசைந்தது. தண்ணீர் கேட்கிறார் என்று குனிந்தேன்.

"மச்சான் கேட்ட அடைச்சாரா?" என்றார்.

"அடச்சாச்சு, எல்லாரும் வெளிய வந்துட்டாங்க" என்றேன். சரி என்று கண்ணை மூடினார். கொஞ்சம் கழித்துத் திறந்து மறுபடியும் அதையே கேட்டார். அப்போதுதான் உள்ளே ஓடியவர் மாதிரி மூச்சு வாங்குகிறது, எழுந்திருக்கப் பார்க்கிறார், பிடித்து அழுத்த வேண்டியிருக்கிறது. டாக்டர் இது சில நாள் இருக்கும் என்கிறார். எத்தனை தடவை சொல்லிவிட்டேன். நான் சொன்னால் நம்புகிறார், ஆனால் அது மனதில் நிற்க மாட்டேனென்கிறது. உயிர் போய்விடுமோ என்கிற பயம் நேற்றோடு போயிற்று. இவர் இன்னும் அந்தத் தண்ணீருக்குள்தான் நின்றுகொண்டிருக்கிறார் என்பதுதான் இப்போது என்னைப் பயமுறுத்துகிறது.

நீ வந்து சொல். கேட்டை அடைத்தவன் நீதானே. வந்து, மாப்பிள்ளை என்று கூப்பிட்டுச் சொல்.

ஜெனி